நெற்றிப்பொட்டு வலியும் பறிபோகும் பார்வையும்

மதரஸாவில் அஸருக்குப் பிந்திய வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவைச் சேர்ந்த 72 வயது மூதாட்டி ஒருவர், பேத்தியின் தோளைப் பற்றியவாறு வந்து திண்ணையில் அமர்ந்தார். தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் ‘நன்னி’, எனக்கும் அப்படியே. செம்பு நிறையத் தண்ணீரை என் முன்னே நகர்த்தி வைத்தார்.

“ஹஜ்ரத், மூன்று வாரமாய் இந்தப் பொட்டிலே வலி உயிரை வாங்குகிறது. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. கொஞ்சம் ஓதித் தாருங்கள்.”

நான் ஓதினேன், தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன், நலம் வேண்டி இறைவனிடம் இறைஞ்சினேன். “வெயிலில் அலையாதீர்கள், நன்னி” என்று ஓர் அறிவுரையும் சொன்னேன். அவர் மனநிறைவோடு எழுந்து சென்றார். ஐந்தாம் நாள் பஜ்ரு நேரத்தில் அவர் கண் விழித்தபோது வலக் கண்ணில் ஒளி இல்லை.

அந்தக் கண்ணுக்குப் பார்வை இன்று வரை திரும்பவில்லை. மதுரையிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் சென்றோம். மருத்துவர்கள் நோயை உணர்ந்து உடனே மருந்தைத் தொடங்கியதால் இடக் கண் தப்பியது. எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நோயின் பெயர் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி. அங்கிருந்த மருத்துவர் நன்னியிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட கேள்விகளும், நன்னி அளித்த விடைகளும் அருகில் நின்ற என்னைத் தலை குனிய வைத்தன. அந்தக் கேள்விகளுள் ஒன்றையேனும் நான் அன்று திண்ணையில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு வீட்டிலும் இது நேரக் கூடாதே என்ற கவலையினால், மருத்துவம் பயிலாத நான், மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான்கு வாசல்களில் சொல்லப்பட்ட ஒரே நோய்

தலைவலியை என்னிடம் சொன்ன நன்னி, ஏனைய தொல்லைகளை வேறு வேறு இடங்களில் சொல்லியிருந்தார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்குத் தோள்களிலும் இடுப்பிலும் விறைப்புத் தோன்றியிருந்தது. பஜ்ருத் தொழுகைக்குத் தக்பீர் சொல்லக் கைகளை உயர்த்த இயலவில்லை. ளுஹர் வேளையில் ஓரளவு இளகி விடும். எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டியதற்கு, வயதானால் அப்படித்தான் என்று சொல்லிப் பூச்சு மருந்து கொடுத்தார்.

அடுத்து, மெல்லும்போது தாடை வலித்தது. முதல் இரண்டு மூன்று கவளங்களுக்கு ஒன்றும் இல்லை, மென்று கொண்டே இருந்தால் வலி ஏறும், நிறுத்தினால் அடங்கும். ஐம்பது ஆண்டுகளாகப் போட்டு வந்த வெற்றிலையை அவர் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியோடு நின்று கொண்டார். பல் மருத்துவரிடம் சென்று ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக் கொண்டார். வலி மட்டும் போகவில்லை.

மூன்றாவதாக, குர்ஆன் ஓதிக் கொண்டிருக்கையில் வலக் கண்ணின் முன் திரை விழுந்தாற்போல எழுத்துகள் மறைந்தன. இரண்டு மூன்று நிமிடங்களில் பார்வை தெளிந்து விட்டது. அடுத்த வாரமும் ஒரு முறை அவ்வாறே நிகழ்ந்தது. கண்ணாடிக் கடையில் புதிய கண்ணாடி போட்டுக் கொண்டார்.

நான்காவது வாசல் என்னுடையது.

தோளைப் பார்த்தவர் தாடையைக் கேட்கவில்லை. பல்லைப் பார்த்தவர் கண்ணைக் கேட்கவில்லை. நானோ எதையும் கேட்கவில்லை. வீட்டிலுள்ளோரும் நன்னி மெலிந்து வருவதைக் கண்டு, சாப்பாடு குறைந்து விட்டதே என்று வருந்தினார்களேயன்றி, ஏன் குறைந்தது என்று விசாரிக்கவில்லை. நான்கு தொல்லைகளும் ஒரே நோயின் நான்கு முகங்கள் என்பதை, அவற்றையெல்லாம் ஓரிடத்தில் ஒருசேரக் கேட்ட மருத்துவரே கண்டு கொண்டார்.

நோயின் தன்மை

இதயத்திலிருந்து தூய குருதியை உடலெங்கும் எடுத்துச் செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். காதுக்கு முன்புறம், நெற்றிப்பொட்டில் விரலை மெல்ல வைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். அதுவே நெற்றிப்பொட்டுத் தமனி. கழுத்து வழியே மேலேறும் பெருந்தமனியின் கிளை அது.

நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராட இறைவன் நம் உடலில் ஒரு காவற்படையை அமைத்திருக்கிறான். சில முதியவர்களுக்கு இந்தக் காவற்படையே வழி தவறி, தன் உடலின் தமனிச் சுவர்களைத் தாக்கத் தொடங்குகிறது. காவல் உயிரணுக்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து குவிகின்றன. அவற்றுட் சில ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்கள் கொண்ட பேருருவ உயிரணுக்களாகி விடுவதை நுண்ணோக்கியில் காணலாம். இதனால்தான் மருத்துவர்கள் இதனை ‘ஜயண்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ்’ என்கிறார்கள். ‘டெம்போரல் ஆர்ட்டிரைட்டிஸ்’ என்பது இதன் பழைய பெயர். சுவர் வீங்கித் தடிக்கத் தடிக்க உள்வழி குறுகுகிறது. குருதி செல்வது குறைந்து, சில வேளை முற்றிலும் நின்று போகிறது.

மேற்சொன்ன தொல்லைகளுக்குக் காரணம் இப்போது விளங்கும். நெற்றிப்பொட்டிலும் உச்சந்தலையிலும் உள்ள குழாய்கள் அழற்சியுறுவதால் தலை வலிக்கிறது. சீப்புப் பட்டாலும், தலையணையில் சாய்ந்தாலும், உளூவில் தலையைத் தடவி மஸ்ஹு செய்தாலும் நோகிறது. தாடைத் தசைக்குப் போதிய குருதி கிடைக்காததால், மெல்லும் உழைப்பைத் தாங்காமல் அது வலிக்கிறது. ஓய்வு கொடுத்தால் வலி அடங்குகிறது. பல்வலி இப்படி வந்து இப்படிப் போவதில்லை.

கண்ணின் நிலைதான் அச்சந் தருவது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் முனைக்கு மிக நுண்ணிய தமனிகளே உணவூட்டுகின்றன. அவை அடைபட்டால் அந்நரம்பு பட்டுப் போகிறது. பட்டுப்போன நரம்பைத் துளிர்க்கச் செய்யும் மருந்து இன்றளவும் இல்லை. பார்வை சில நிமிடங்கள் மறைந்து மீள்வது, குழாய் அடைபடப் போவதன் முன்னறிவிப்பு. ஒன்று இரண்டாகத் தெரிவதும் அத்தகையதே. ஒரு கண் போனபின் மருந்தின்றி விட்டால், சில நாட்களிலோ சில வாரங்களிலோ மற்றக் கண்ணும் போய்விடக் கூடும். இந்நோய் கண்டவர்களுள் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவர் பார்வையில் நிலையான இழப்பை அடைகிறார்கள். அரிதாகச் சிலருக்குப் பக்கவாதமும் நேர்கிறது.

தோள், இடுப்பு விறைப்பு இந்நோயோடு உடன்பிறந்தாற்போல் வரும் இன்னொரு நோய். ‘பாலிமயால்ஜியா ருமாட்டிக்கா’ என்பது அதன் பெயர். தமனி அழற்சி உள்ளவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த விறைப்பும் காணப்படுகிறது. விடியற்காலையில் மிகுந்து, பொழுது ஏற ஏறத் தளர்வது இதன் இயல்பு. மெல்லிய காய்ச்சல், களைப்பு, உடல் மெலிவு ஆகியவையும் சேர்ந்து வருவதுண்டு.

யாருக்கு வரும்?

தலைவலி என்றாலே இதுதான் என்று எவரும் அஞ்சிவிட வேண்டாம். உலகில் மனிதருக்கு வரும் தலைவலிகளுள் பெரும்பாலானவை உயிருக்கோ கண்ணுக்கோ ஊறு செய்யாதவை. ஒற்றைத் தலைவலி, மன இறுக்கம், உறக்கக் குறைவு, நீர்க்கோவை என அவற்றுக்குக் காரணம் பல.

நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி 50 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. 70 வயதைத் தாண்டியவர்களிடமே மிகுதி. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நார்வே, சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இந்நோய் நம் நாட்டில் அரிது. இது தொற்று நோயன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

அரிது என்பதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. அடிக்கடி காணாத நோய் மருத்துவரின் நினைவுக்கு உடனே வருவதில்லை. எனவே அதை நினைவூட்டும் வகையில் எல்லாத் தொல்லைகளையும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு வீட்டாருடையதாகிறது.

பக்தாத் நகரின் கண் மருத்துவர்

இந்நோயைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, என் அரபு நூல்களின் உலகிற்கே அது என்னை அழைத்துச் சென்றது வியப்பளித்தது.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாதில் அலீ இப்னு ஈஸா என்னும் கண் மருத்துவர் வாழ்ந்தார். ‘அல்கஹ்ஹால்’ என்பது அவருடைய சிறப்புப் பெயர். கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறிக்கும் ‘குஹ்ல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் கண் மருத்துவர் என்பது பொருள். அவர் அரபியில் இயற்றிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்னும் நூல் மூன்று பகுதிகள் கொண்டது. முதற்பகுதி கண்ணின் அமைப்பைக் கூறுவது. இரண்டாவது, வெளியே புலப்படும் கண் நோய்களைப் பற்றியது. மூன்றாவது, வெளியே புலப்படாத நோய்களைப் பற்றியது. ஐரோப்பியர் அவரை ‘ஜேசு ஹாலி’ என்ற பெயரால் அறிந்திருந்தனர். அந்நூல் 1936 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

நெற்றிப்பொட்டுக் குழாய்களை அறுத்துச் சூடிடும் சிகிச்சையைப் பற்றி அந்நூலில் அவர் பேசுகிறார். அவ்விடத்தில், நெற்றிப்பொட்டுத் தசைகளில் வெம்மையும் அழற்சியும் கண்டு, முடிவில் பார்வை இழப்பில் கொண்டு போய் விடக்கூடிய நோய்களையும் குறிப்பிடுகிறார். நெற்றிப்பொட்டின் அழற்சிக்கும் கண்ணொளி போவதற்கும் உள்ள தொடர்பை எழுத்தில் பதித்த முதல் குறிப்பு இதுவே என்று மருத்துவ வரலாறு எழுதுவோர் பலர் கருதுகின்றனர். அவர் கூறிய அறுவை இன்று சிகிச்சையன்று. ஆயினும் வலியை வலியென்று மட்டும் கொள்ளாமல், அது எதில் கொண்டு போய் விடும் என்று கவனித்தாரே, அந்தக் கவனம் போற்றுதற்குரியது. அவர் எழுதிய மொழியிலேயே பாடம் நடத்தும் நான், அவர் கவனித்ததைக் கவனிக்காமல் தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன் என்பதை எண்ணிப் பலநாள் வருந்தியிருக்கிறேன்.

அதன்பின் நெடுங்காலம் இந்நோய் மறக்கப்பட்டது போலாயிற்று. 1890 இல் இலண்டனைச் சேர்ந்த ஜொனாதன் ஹட்சின்சன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். அவர் தலையின் இரு புறமும் சிவந்த கோடுகள் போலக் குழாய்கள் வீங்கி, தொப்பி அணியவும் முடியாதபடி வலித்தனவாம். 1932 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பேயர்டு ஹார்ட்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் இரு நோயாளிகளின் நெற்றிப்பொட்டுத் தமனிகளை ஆராய்ந்து, இது தனியொரு நோய் என்று நிலைநாட்டினர்.

நோயை அறிந்தும் தடுக்க மருந்து இல்லாதிருந்த நிலை 1950 வாக்கில் மாறியது. அதே மேயோ மருத்துவமனையில் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயன், உலகையே வியப்பில் ஆழ்த்தியிருந்தது. அது தொடர்பான ஆய்வுக்காக 1950 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நெற்றிப்பொட்டு அழற்சிக்கும் அம்மருந்து கைகொடுப்பது தெரிய வந்தது.

கண்டறிவது எப்படி?

மருத்துவர் முதலில் கேட்பார். பிறகு தொட்டுப் பார்ப்பார். நெற்றிப்பொட்டுத் தமனி கயிறு போலத் தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, துடிப்புக் குறைந்திருக்கிறதா என்று ஆராய்வார். அடுத்து இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் எளிய குருதிப் பரிசோதனைகள். உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் இவை உயர்ந்து காட்டும். சிறிய ஊர்களின் பரிசோதனை நிலையங்களிலும் இவற்றைச் செய்து கொள்ளலாம். நன்னிக்கு இ.எஸ்.ஆர். 96 இருந்தது.

உறுதி செய்ய இரு வழிகள் உள்ளன. மரத்துப் போகும் ஊசி போட்டு, நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது ஒன்று. பயாப்சி எனப்படும் இது சிறிய சிகிச்சையே. தலைக்கு வேறு வழிகளிலும் குருதி செல்வதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. மற்றொன்று அல்ட்ராசவுண்டு ஸ்கேன். அழற்சியுற்ற தமனியைச் சுற்றிக் கருவளையம் ஒன்று தெரிவதை ஜெர்மானிய மருத்துவர்கள் 1997 இல் வெளியிட்டனர். அனுபவமுள்ள நிபுணர் கிடைக்குமிடத்தில் இன்று பெரும்பாலும் இதுவே முதற் பரிசோதனையாகிறது.

அழற்சி தமனியில் விட்டு விட்டும் இருக்கக் கூடுமாதலால், எடுத்த துண்டில் நோய் தெரியாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. நோய்க்குறிகள் வலுவாக இருந்தால், சோதனை முடிவு வரும் வரை காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கி விடுவார். காத்திருக்கும் நாட்களில் கண் போய்விட்டால் முடிவு வந்து பயனென்ன?

மருந்தும் வீட்டாரின் மனமும்

பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையே இந்நோய்க்கு முதல் மருந்து. பொதுவாக நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை தொடங்குவார்கள். பார்வை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், மருத்துவமனையில் சேர்த்து மூன்று நாள் நரம்பு வழியே ஸ்டீராய்டு செலுத்துவதும் உண்டு. மருந்து தொடங்கிய ஓரிரு நாட்களில் தலைவலி வியக்கத்தக்க வகையில் விலகும். நன்னி மறுநாளே, “பொட்டு வலி போன இடம் தெரியவில்லை” என்றார்.

ஆனால் இது பத்து நாள் மருந்தன்று. அளவை மெல்ல மெல்லக் குறைத்துக் கொண்டு வர ஓராண்டு, ஈராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குறைக்கும்போது நோய் மீண்டும் தலைதூக்குவதும் பலருக்கு உண்டு.

இங்கேதான் நம் வீடுகளில் பிழை நேர்கிறது. நன்னிக்கு ஒரு மாதத்தில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. உறவினர் ஒருவர், “ஸ்டீராய்டா? அது நஞ்சாயிற்றே!” என்றார். துபாயிலிருந்து பேசிய மகனும், “உடனே நிறுத்துங்கள், உம்மா” என்றார். கைப்பேசியில் வந்த ஏதோ ஒரு செய்தி அவரை அச்சுறுத்தியிருந்தது. நன்னி ஒரு நாள் மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் காலை செய்தி அறிந்து நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினோம். மாத்திரையைத் தவறாது தொடரும்படி அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதால் இரண்டு கேடுகள் உண்டு. அடங்கியிருந்த அழற்சி மீண்டும் எழுந்து, எஞ்சிய கண்ணைத் தாக்கலாம். இரண்டாவது இதனினும் கடுமையானது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் இயற்கையாகவே இத்தகைய ஒரு பொருளைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரை கிடைக்கும்போது அவை தம் வேலையைக் குறைத்துக் கொள்கின்றன. மாத்திரை சட்டென்று நின்றால், உடலுக்கு இரண்டு வழியிலும் கிடைக்காமல் இரத்த அழுத்தம் தாழ்ந்து, வாந்தியெடுத்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பக்க விளைவுகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறலாம், எலும்பு மெலியலாம், கண்ணில் புரையும் நீரழுத்தமும் வரலாம், நோய்த்தொற்று எளிதில் பற்றலாம். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக் கொள்ளவும் கூடும். இவற்றையெல்லாம் மருத்துவர் அறிவார். அதனால்தான் சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்கிறார். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி யும் தருகிறார். காசநோய்க்கான சோதனையும் செய்கிறார். முகம் உப்பியது மருந்து குறையக் குறைய வடிந்து விடும். போன கண் வராது.

ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், அளவைக் குறைக்க இயலாதவர்களுக்கும் இப்போது வேறு மருந்துகள் வந்துள்ளன. டோசிலிசுமாப் என்னும் ஊசி மருந்து 2017 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றது. உபடாசிடினிப் என்னும் மாத்திரை 2025 இல் அங்கு ஒப்புதல் பெற்றது. விலை மிகுந்தவை இவை. யாருக்குத் தேவை என்பதை மூட்டுவாத நோய் நிபுணரே முடிவு செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட வேண்டாம். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் அவ்வாறு வாங்கி உண்டு உடலைக் கெடுத்துக் கொண்டோர் நம் ஊர்களில் பலர்.

நோன்பும் மருந்தும்

ரமளான் நெருங்கியபோது நன்னி என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை. இந்த மாத்திரைக்காக விடுவதா?”

நோயாளிக்கு நோன்பில் சலுகை அருளியவன் இறைவனே. அச்சலுகை அருள்மறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. அவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவாகாது. குணமானபின் களாச் செய்யலாம். குணமடையும் நம்பிக்கையற்ற முதுமையும் நோயும் உள்ளவர்களுக்கு ஃபித்யா என்னும் பரிகாரம் உண்டு. சிலருக்கு மருந்தின் அளவு குறைந்தபின், ஸஹர் நேரத்தில் மாத்திரையைப் போட்டுக் கொண்டு நோன்பு நோற்க மருத்துவர் இசையலாம். அதை அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை மாலைக்குத் தள்ளுவதும், ஒரு மாதம் விட்டு வைப்பதும் கூடாது.

நன்னி அவ்வாண்டு நோன்பு வைக்கவில்லை. கண்ணீரோடுதான் ஏற்றுக் கொண்டார். அடுத்த ஆண்டு மருத்துவரின் இசைவோடு நோற்றார், அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டார் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த உம்மாவோ வாப்பாவோ, நன்னாவோ நன்னியோ இதற்கு முன் இல்லாத புதுத் தலைவலியைச் சொன்னால், தைலக் குப்பியை எடுக்குமுன் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

நெற்றிப்பொட்டிலோ உச்சியிலோ தொட்டால் நோகிறதா? தலை வாரும்போது வலிக்கிறதா? மென்று கொண்டிருக்கையில் தாடை வலித்து, நிறுத்தினால் அடங்குகிறதா? விடியற்காலையில் தோளும் இடுப்பும் விறைத்துக் கொள்கின்றனவா? பார்வை சிறிது நேரமேனும் மறைந்ததா, மங்கியதா, இரண்டாகத் தெரிந்ததா? காய்ச்சலும் மெலிவும் உண்டா?

புதுத் தலைவலியோடு இவற்றுள் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பார்வையில் தடுமாற்றம் இருந்தால் இரவென்றும் பாராமல் கண் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பார்வை மீண்டு விட்டதே என்று வீட்டில் தங்கிவிடாதீர்கள். எல்லாத் தொல்லைகளையும், எப்போது தொடங்கின என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய் அவரிடம் கொடுங்கள். “தமனி அழற்சியாக இருக்குமோ?” என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், தம் வலியைச் சொல்வதில் கூச்சமுடையவர்கள். மகன் வெளிநாட்டில், மருமகளுக்குக் குழந்தைகளின் பாடு, பேரன் தேர்வுக்குப் படிக்கிறான் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி வலியை விழுங்குகிறார்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திராமல் நாமே கேட்பது, பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைகளுள் ஒன்று.

மருத்துவம் செய்து கொள்ளுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழியினர் நாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும் பாடத்தை மதரஸாவில் ஆண்டுதோறும் நானே பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. துஆவைக் காட்டி மருந்தைத் தள்ளிப் போடுவதுதான் பிழை. அன்று நான் செய்ததும் அதுவே.

நன்னி இன்று இடக் கண் ஒன்றினால் பெரிய எழுத்துக் குர்ஆனை ஓதுகிறார். மாத்திரை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமாகக் குறைந்திருக்கிறது. வெற்றிலையும் மீண்டும் வாய்க்கு வந்து விட்டது. என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. கூறியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போதும் தண்ணீர்ச் செம்போடு வருவோர் உண்டு. நான் ஓதிக் கொடுக்கிறேன். ஓதுவதற்கு முன், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாய் வலிக்கிறது, வேறென்ன தொல்லை என்று அமர்ந்து கேட்கிறேன். மருத்துவரிடம் போக வேண்டிய நோய் என்று தோன்றினால், செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதே மருத்துவமனைக்குப் போகும் பேருந்தின் நேரத்தையும் சொல்லி அனுப்புகிறேன்.